பின்சக்கரம் விடாத வண்டி

"வண்டியில ஒரு குறையும் இல்ல. ஓட்டினவன்தான் சரியில்ல" என்றார் தங்கவடிவேல்.

சகாயமேரி கையில் அள்ளிய தண்ணீரைப் பின்சக்கரத்து பிரேக் டிரம்மின் மேல் தெளித்தாள். சொய்யென்று ஆவி கிளம்பியது.

பழைய பிக்கப் வண்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருவது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பிரேக் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்தாலும் விடாது. தங்கவடிவேல் மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டார். பிரேக் ஷூ புதுசு, ஸ்பிரிங் புதுசு, டிரம்முக்குள்ளே இருக்கும் சிலிண்டர்கூடப் புதுசு. மூன்று தடவையும் வண்டி புகைந்துகொண்டே திரும்பி வந்தது.

"பிரேக்னா சகாயமேரின்னு சொல்றாங்க. அங்க கொண்டு போ" என்று மண்டி முதலாளி சொல்லிவிட்டார்.

தங்கவடிவேலுக்கு மெக்கானிக் தொழிலில் இருபத்தாறு வருஷம். இவளோ அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவள் பட்டறைக்கு வந்திருந்தார்.

"ஒரு சக்கரமா, ரெண்டுமாண்ணே?"

"ரெண்டும்."

"எப்பப் பிடிக்குது? எடுத்த உடனேயா, போகப் போகவா?"

"எனக்கெப்படித் தெரியும்? நானா ஓட்டுறேன்?"

"ஓட்டினவர் என்ன சொன்னார்?"

"சென்ராயனா? ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டபடியே ஓட்டியிருக்கான் அந்த மடையன். முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டார்."

"அவர் என்ன சொன்னார்னு கேட்டேன்."

"என்னமோ சொல்ல வாயைத் திறந்தான். மூடுடான்னேன்."

சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் போன பிறகு பிடிக்கலையா?"

"பிடிக்குது. அவன் கெடுத்து வச்சதுதானே!"

அவள் ஜாக்கியை உருட்டி வந்தாள். பின்பக்கம் மேலே ஏறியது.

"ஹேண்ட்பிரேக் கேபிளைக் கழட்டுங்கண்ணே."

கழற்றினார். கேபிள் தரையில் விழுந்தது. அவள் வண்டிக்குள் ஏறி பிரேக்கைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்தாள். பிறகு காலை எடுத்தாள்.

"இப்பச் சுத்திப் பாருங்க."

சக்கரம் அசையவில்லை.

அந்தப் பக்கம் போனார். அதுவும் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். காலால் ஓர் உதை விட்டார். கேபிள் அவர் செருப்புக்கடியில் கிடந்தது.

ஹேண்ட்பிரேக்கே இல்லாமல் பிடித்திருக்கிறது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தார். தகரக் கதவில் பட்டு அது எங்கோ தெறித்தது.

"அப்ப என்னன்னு நீயே சொல்லேன்!"

"எப்பப் பிடிக்குதுன்னு தெரியணும்ணே. ஓட்டினவர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வாங்க."

"நீ மெக்கானிக்கா, பஞ்சாயத்துப் பண்றவளா?"

அவள் அதற்குள் பக்கத்தில் நின்ற லாரிக்கு அடியில் போயிருந்தாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"என் வண்டிச் சாவி ஆணியில தொங்குது."

போகக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் உட்கார்ந்தார். டிரம்மின் சூடு அவர் உடம்புக்குள் ஏறிக்கொண்டது போலிருந்தது. எழுந்து சாவியைப் பிடுங்கினார்.

மார்க்கெட்டில் சென்ராயன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தான். முதுகெல்லாம் காய்கறி மூட்டை மண்.

"வண்டி எப்பப் பிடிக்கும்?" என்றார் தங்கவடிவேல்.

சென்ராயன் மூட்டையை இறக்கி வைத்தான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"மொத பத்துக் கிலோமீட்டர் ஒண்ணும் தெரியாது. மிதிக்க மிதிக்கத்தான் பின்னாடி இழுக்கும். ஓரங்கட்டி அரைமணி நேரம் விட்டா தானா விட்டுரும். மறுபடி ஓடும்."

"இதை ஏன் சொல்லலை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

சென்ராயன் அவரையே பார்த்தான். பிறகு அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

"நகருங்க. பின்னாடி ஆள் வருது."

திரும்பி வந்ததும் தங்கவடிவேல் நேராகப் பின்சக்கரத்திடம் போனார். கையை வைத்தார். கடகடவென்று சுற்றியது.

தொட்டவர் யாருமில்லை. தானாக விட்டிருந்தது.

"அவன் சொன்னது சரிதான்" என்றார் மெதுவாக.

சகாயமேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏறி மறுபடி மிதித்தாள். சக்கரம் மறுபடி இறுகியது.

"நிப்பிளைத் திறங்கண்ணே."

இடது சக்கரத்துக்குப் பின்னால், பிரேக் ஆயிலை வெளியே விடுவதற்கு இருந்த சின்ன நிப்பிளைத் திருகினார். பிரேக் ஆயில் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டார். சுற்றியது. எழுந்து ஓடிப்போய் வலது சக்கரத்தைத் தொட்டார். அதுவும் சுற்றியது.

அப்படியானால் ஆயில் திரும்ப முடியாமல் நிற்பது இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான். வண்டியின் அடியில் படுத்தார். முன்னாலிருந்து வரும் குழாய் பின் அச்சில் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. இரண்டு சக்கரத்துக்கும் அது ஒன்றுதான் வழி. அதன் மேல் படிந்த மண்ணைக்கூட அவர் மூன்று தடவையும் துடைத்ததில்லை.

கழற்றிக் கொடுத்தார். சகாயமேரி பிளேடால் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தாள். வெளியே நல்ல ரப்பர். உள்ளே உப்பி, ஊசி மட்டும் போகிற அளவுக்கு அடைத்திருந்தது.

"மிதிச்சா ஆயில் போயிருது. திரும்பி வரத்தான் வழியில்ல" என்றாள்.

அந்த இரண்டு துண்டையும் அவர் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார்.

புது ஹோஸ் மாட்டிய வண்டியை அவரே மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போனார். சுமை தூக்குகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். நடுவில் போய் நின்றார்.

"சென்ராயா, தப்பு என்னோடது. ஹோஸ்தான் அடைச்சிருந்தது. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கே வந்து வண்டியை எடுக்கச் சொல்றார்."

டீ கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது.

"நாளைக்கு எடுக்கணுமா? ஒரு மாசமா என் பொண்டாட்டி என்னைக் குடிகாரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய்யா! பிரேக் போட்டுட்டு ஓட்டுறவன்னு ஒரு பய எனக்கு வண்டி கொடுக்கலை!"

"அதுக்குத்தான் நான்…"

"இரு! நான் இன்னும் பேசலை!"

தங்கவடிவேலின் வாய் மூடியது.

சென்ராயன் கத்தினான். மார்க்கெட்டில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கெட்ட வார்த்தை வந்தது. தங்கவடிவேலின் கை முஷ்டியானது, பிறகு விரிந்தது. யாரோ நடுவில் புகுந்து, "விடுப்பா, அவர்தான் ஒத்துக்கிட்டாரே" என்றார். தங்கவடிவேல் அந்த ஆளை விலக்கிவிட்டார்.

கடைசியில் மூச்சு வாங்க நின்றான் சென்ராயன்.

"இன்னும் இருக்கு" என்றான்.

"சொல்லு" என்றார் தங்கவடிவேல்.