மகிழமரத்தில் சிவப்பு நாடா

கோவைக்கு வெளியே நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று. பங்குனி பிறப்பதற்குள் செடிகளுக்கு எரு வைத்து, சொட்டுநீர்க் குழாய்களைச் சரிபார்த்து, மரங்களைக் கவாத்து செய்தாக வேண்டும். அத்தனை திட்டமும் தோட்டப் பொறுப்பாளர் தமயந்தியின் தலையில். போன வருடம் கேட்காமல் கொள்ளாமல் யாரோ அவளுடைய நந்தியாவட்டையை மொட்டையடித்துவிட, கோபத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். வெட்டக் கூடாத கிளையில் சிவப்பு நாடா கட்டலாம். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சட்டமே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

ஊஞ்சலுக்கு மேலே நீண்டிருந்த மகிழமரக் கிளையில் ஒரு நாடா. கிளையின் அடியிலோ இரண்டு விரல் அகலத்துக்கு விரிசல். கட்டியவர் யாரென்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை கேட்டும் பதிலில்லை. கோடைக் காற்று எந்நேரமும் கிளம்பலாம். பிள்ளைகள் ஆடும்போதெல்லாம் தமயந்தி எட்டிப் பார்த்தாள். பால்கனிக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஊஞ்சலைக் கழட்டிப் போடலாமுங்க. கால்மணி நேர வேலைதானுங்க," என்றார் தோட்டக்காரர் வீரபத்திரன்.

"கழட்டினா அம்மாக்களெல்லாம் என்னைப் பிச்சு எடுத்துடுவாங்க. கிளையை வெட்டிருங்களேன்."

"நாடா கட்டுன கிளையில அருவா வைக்க மாட்டனுங்க. நீங்க போட்ட சட்டமுங்க."

மறுநாள் காலை, இரட்டைப் பெண்களின் தகப்பன் ஜெயசீலன் வந்து நாடாவை அவிழ்த்தார். "நான்தாங்க கட்டினது. வெட்டிருங்க," என்றார். பொய் என்று தமயந்திக்கு நன்றாகத் தெரியும். முந்தாநாள் அதே குழுவில், கட்டியது யாரென்று கொதித்தவரே அவர்தான். வாட்ஸ்அப் பக்கம் போகாத வீரபத்திரன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அரிவாள் இறங்கியது.

அடர்ந்த இலைக்குள் இருந்த அணில் கூடும் கிளையோடு விழுந்தது. உரோமம் முளைக்காத மூன்று குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. கண் அறுவை முடிந்து, போனைப் பார்க்கக் கூடாதென்று தங்கை வீட்டில் இருந்த, அதே குடியிருப்பின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஹில்டா, கிளையை வெட்டிய ஐந்தாம் நாள் திரும்பினார். "அணில் கூட்டைப் பார்த்துத்தானே நாடா கட்டிட்டுப் போனேன், தமயந்தி?" என்று மட்டும் கேட்டார்.

பெற்ற பிள்ளைகளுக்காகப் பொய் சொன்னார் ஜெயசீலன். நாடா அவிழும்வரை காத்திருந்து வெட்டினார் வீரபத்திரன். தெரிந்தும் பேசாமல் நின்றாள் தமயந்தி. இவர்களில் யார் செய்தது சரி? மேலே படிக்காமல் ஒரு பதிலைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

விடை: வீரபத்திரன். பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லாமல், நாடாவுக்கும் மதிப்புக் குறையாமல் ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னவர் அவர் ஒருவரே. ஜெயசீலனின் பயம் நியாயமானதுதான், ஆனால் தனக்கில்லாத உரிமையைப் பொய்யால் எடுத்துக்கொண்டார். ஊஞ்சலைக் கழற்றும் அதிகாரம் தமயந்தியிடம் இருந்தது. நாலு பேர் திட்டுவார்களே என்று அதைச் செய்யாமல், அடுத்தவர் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.