மருதாயி போட்ட பாதை

யானைக்குப் பயம் வருமா? சொல்லுங்க பார்க்கலாம்!

வரும். கருங்காலிக் காட்டு மருதாயிக்கு வந்தது.

மருதாயி லேசுப்பட்ட யானை இல்லை. கூட்டத்தில் மொத்தம் ஒன்பது யானைகள், அவள்தான் தலைவி. அவள் போகிற வழிதான் மற்றவர்களுக்கும் வழி. ஆற்றில் முதல் கால் வைப்பவள் அவள்தான். மணல் கெட்டியா, உள்ளே இழுக்கிறதா என்று மிதித்துப் பார்ப்பாள். அவள் தும்பிக்கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் மற்ற யானைகள் தண்ணீரில் இறங்கும். அது அந்தக் கூட்டத்துச் சட்டம்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காட்டாற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. மருதாயியின் தங்கை செவந்திக்கு ஒரு குட்டி, பெயர் குண்டுமணி. அதை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மருதாயி பாய்ந்தாள். இரண்டு முறை முங்கி, மூன்றாம் முறை குட்டியின் வாலைப் பிடித்துக் கரையில் போட்டாள். குண்டுமணி நாலு தும்மல் போட்டது. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பால் குடிக்கப் போய்விட்டது.

குட்டி வெளியே வந்துவிட்டது. மருதாயியின் மனசு மட்டும் அந்த வெள்ளத்திலேயே கிடந்தது.

ஆற்றுச் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கும். காது அடைக்கும். நாலு காலும் வெடவெடவென்று நடுங்கும். மழைக்காலத்தில் காடெல்லாம் தண்ணீர் நின்றதால் சமாளித்துவிட்டாள். பங்குனி பிறந்ததும் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஆத்துக்குப் போகலாமா?" என்றாள் செவந்தி.

"வேண்டாம். அந்தப் பக்கம் புலி வாடை அடிக்குது!"

மறுநாளும் செவந்தி கேட்டாள்.

"முதலை வந்திருக்காம்!"

அதற்கு மறுநாள், "தண்ணி கசக்குதாம்!"

"யாருக்கா சொன்னா?"

"சொன்னாங்க! நீ வாடி!"

தலைவி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஒன்பது யானைகளும் ஒரே குட்டையில் வாய் வைத்தன. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. செவந்திக்குப் பால் குறைந்தது. குண்டுமணி தாகம் தாங்காமல் சேற்றை நக்கியது. அன்று மத்தியானமே, "அம்மா, வயிறு வலிக்குது!" என்று தரையில் உருண்டது.

"ஐயோ, என் பிள்ளைக்கு வயித்து வலி! யாராவது ஓடி வாங்களேன்!" என்று செவந்தி காடு அதிரக் கத்தினாள்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். மான் வேப்பங்கொழுந்து கொண்டு வந்தது. முயல் வேர் கொண்டு வந்தது. காட்டுப்பன்றி, "இப்படிப் படுக்க வை, இல்லை, அப்படிப் படுக்க வை," என்று யோசனை மட்டும் கொண்டு வந்தது.

மருதாயி ஓரமாக நின்று பார்த்தாள். 'வயிறு வலித்தால் காட்டையே கூப்பிடலாம். எனக்கு வலிக்கிற இடத்தைச் சொன்னால் யார் வருவார்கள்?' என்று நினைத்தாள்.

குட்டி கண்ணயர்ந்ததும் தங்கையைத் தனியே கூப்பிட்டாள்.

"செவந்தி, புலியும் இல்லை, முதலையும் இல்லை. எனக்குத்தான் முடியலடி. ஆத்தை நினைச்சாலே கால் நடுங்குது. அலங்கக்காகிட்டப் போகலாம்னு இருக்கேன்."

அலங்கு என்பது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி. அந்தக் காட்டு அலங்கு பாறைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள். பயம், துக்கம், தூக்கமில்லை என்று மனசு நொந்தவர்கள் எல்லாம் அவளிடம்தான் போவார்கள். ஆனால் போனதாக ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'அலங்கு வளைக்குப் போனவன்' என்றால் அந்தக் காட்டில் கிறுக்கன் என்று அர்த்தம்!

அதனால் தடம் தெரியாமல் போவார்கள். மான் பாறைமேல் மட்டும் கால் வைத்துத் தாவிப் போகும். மயில் தோகையைத் தொங்கவிட்டுத் தன் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போகும். "எங்கே போயிட்டு வர்றே?" என்று கேட்டால், "எறும்பு திங்க!" என்று மான் சொல்லும். மான் என்றைக்கு எறும்பு தின்றது?

செவந்தி பதறிவிட்டாள்.

"அலங்கு வளைக்கா? வேண்டாம்க்கா! தலைவிக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்வாங்க. நாளைக்கு என் பிள்ளையையும் கிறுக்கி வீட்டுக் குட்டின்னு கூப்பிடுவாங்க!"

"குட்டையில தண்ணி இன்னும் எத்தனை நாளைக்கு வரும், சொல்லு?"

செவந்தி குட்டையைப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"மிஞ்சிப்போனா பத்து நாள்," என்றாள். "சரி, போவோம். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. நீங்க முன்னால நடங்க. நான் பின்னாலேயே தடத்தை அழிச்சுக்கிட்டு வரேன்."

விடிந்ததும் கிளம்பினார்கள். செவந்தி ஒரு பெரிய கிளையை ஒடித்துப் பெருக்க ஆரம்பித்தாள். மருதாயியின் காலடி ஒவ்வொன்றும் முறம் அளவு. ஒன்றைப் பெருக்கி முடிப்பதற்குள் நாலு விழுந்தது. கூடவே செவந்தியின் காலடியும் விழுந்தது!

"அக்கா, என்னோடதை யாரு பெருக்குறது?"

படாரென்று கிளை முறிந்தது. புழுதி மேகம் போல எழும்பியது. அதைப் பார்த்து மைனா பறந்து வந்தது. காட்டுச் செய்தியெல்லாம் அதன் வாயில்தான் இருக்கும்.

"என்னக்கா, காட்டையே கூட்டிப் பெருக்குறீங்க? வீட்டுல ஏதும் விசேஷமா?"

மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து வந்த சிரிப்பு.

"விடுடி செவந்தி! என் தடத்தை மறைக்க இந்தக் காட்டுல இலை பத்தாது." பிறகு மைனாவைப் பார்த்துச் சொன்னாள். "விசேஷம்தான்! எனக்கு மனசு சரியில்லை. அலங்கக்காகிட்டப் போறேன். எல்லாருக்கும் சொல்லு!"

ரகசியத்தைத் திருடிப் பழகிய மைனாவுக்கு, ஒருத்தி தானாக எடுத்துக் கொடுத்தது புதுசு. சடசடவென்று சிறகடித்துக் காட்டுக்குள் பறந்தது.

மருதாயி தலையை நிமிர்த்தினாள். நடுவழியில் நடந்தாள். தும்! தும்! தும்!

அலங்கு வளையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அடியாத்தீ! என் வாசலுக்கு நேரா நடந்து வந்த முதல் ஆள் நீதான் தாயி! உக்காரு. ரெண்டு எறும்பு திங்கிறியா?"

"வேண்டாம்க்கா. எனக்குப் பயமா இருக்கு."

மருதாயி எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளத்தைச் சொன்னாள். வாலைப் பிடிக்கும்போது தும்பிக்கை வழுக்கியதைச் சொன்னாள். அலங்கு குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வரைக்கும் கேட்டாள்.

"பயம்னா எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள் பிறகு. "ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பயந்து சுருண்டுக்குவேன். சுருண்டதுக்கு வெட்கப்பட்டா விரியவே முடியாது தாயி. நீ இன்னிக்கு ஆத்துக்குப் போக வேண்டாம். ஆத்துச் சத்தம் கேக்குற இடம் வரைக்கும் போ. அங்கேயே நில்லு. மூச்சை மெதுவா இழுத்து விடு. நடுக்கம் அடங்கினதும் எங்கிட்ட வந்து சொல்லு. நாளைக்கு இன்னும் ரெண்டு மரம் கிட்டப் போ."

"ஒரே நாள்ல சரியாகாதா?"

"வயித்து வலியே மூணு நாள் இருக்குது. உனக்கென்ன அவசரம்!"

திரும்பி வரும் வழியில் காட்டுப்பன்றி நின்றது. பின்னால் மானும் மயிலும் முயலும் நின்றன. அதற்குள் மைனா சொல்லி முடித்திருந்தது.

"என்ன பெரியம்மா, அலங்கு வளையா?" என்று பன்றி உறுமியது. "எங்க கூட்டத்துல அந்தப் பழக்கமே கிடையாது! மூளை கழண்ட தலைவி பின்னால இனிமே யாரு போவா?"

மைனா கீழே வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம். அலங்கக்கா வாசல்ல உங்க தடம் நிறையக் கிடக்குது. எல்லாமே வெளியே வந்த தடம். உள்ளே போன தடம் ஒண்ணுகூட இல்லை. உள்ளே போகாமலே எப்படிண்ணே தினமும் வெளியே வர்றீங்க?"

எல்லோரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள். பிறகு புரிந்தது. பன்றி பின்பக்கமாகவே நடந்து போயிருக்கிறது!

மான் விழுந்து விழுந்து சிரித்தது. மயில் அகவி அகவிச் சிரித்தது. பன்றியின் மூஞ்சி தொங்கிப்போனது.

"சிரிக்காதீங்க!" என்று மருதாயி பிளிறினாள். "எத்தனை நாள் தனியா, தட்டுத் தடுமாறிப் போனானோ! மயிலே, உன் தோகையில என்ன இவ்வளவு புழுதி? மானே, எறும்பு ருசியா இருந்துச்சா?"

சிரிப்பு அடங்கியது. பன்றி சத்தமில்லாமல் புதருக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து மருதாயி தினமும் ஆற்றுப் பக்கம் போனாள், பிறகு அலங்கிடம் போனாள். முதல் நாள் சத்தம் கேட்கிற இடம். மூன்றாம் நாள் புங்க மரம். ஆறாம் நாள் பாதியிலேயே திரும்பி ஓடி வந்து அழுதாள். "பரவாயில்லை, நாளைக்கு அதே மரத்திலிருந்து ஆரம்பி," என்றாள் அலங்கு. மருதாயி நடந்து நடந்து, அலங்கு வாசலுக்கு அகலமாக ஒரு பாதையே விழுந்துவிட்டது. ஒரு நாள் அந்தப் பாதையில் மான் வந்தது. இன்னொரு நாள் மயில் வந்தது. தோகையைத் தூக்கிக்கொண்டே வந்தது!

பத்தாம் நாள் குட்டை வற்றியது. பதினோராம் நாள் காலையில் கூட்டம் முழுக்க ஆற்றங்கரையில் நின்றது.

"செவந்தி, கால் நடுங்குதுடி!" என்று மருதாயி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நடுங்கட்டும்க்கா! நாங்க இருக்கோம்!" செவந்தி தும்பிக்கையை அக்காவின் முதுகில் வைத்தாள்.

மருதாயி மூச்சை இழுத்து விட்டாள். ஒரு கால் வைத்தாள். மணல் கெட்டி. அடுத்த கால் வைத்தாள். கொஞ்சம் புதைந்தது. விலகி மிதித்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கால் நடுங்கியது, ஆனால் நின்றது. மருதாயி தும்பிக்கையை உயரத் தூக்கினாள்!

குண்டுமணி தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. எழுந்து, பெரியம்மாவின் கால்களுக்கு நடுவில் நின்று வயிறு முட்டக் குடித்தது.

செவந்தி இன்னும் கரையில்தான் நின்றாள். மைனாவைப் பார்த்துக் காடு அதிரக் கத்தினாள்.

"ஏ மைனா! எல்லாருக்கும் சொல்லு! அலங்கு வளைக்குப் போனவ எங்கக்கா! எங்கக்காதான்!"

மனசு நொந்தால் மறைக்காமல் உதவி கேட்கிறவர்கள் தாங்களும் தேறுவார்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் பாதை போட்டுக் கொடுப்பார்கள். எப்படித் தெரியுமா?

அன்று ஆற்றிலிருந்து திரும்பும்போது புதரை விலக்கிக்கொண்டு காட்டுப்பன்றி வந்தது.

"பெரியம்மா, நாளைக்கும் அலங்கக்காகிட்டப் போவீங்களா?"

"போவேன். இன்னும் கொஞ்ச நாள் போகணும்."

பன்றி தரையைக் கீறியது. சுற்றிலும் மான், மயில், முயல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. இருந்தும் சத்தமாகவே சொன்னது.

"எனக்குத் தூக்கமே வரதில்லை பெரியம்மா. பின்னால நடந்து நடந்து கழுத்து வேற சுளுக்கிக்கிச்சு. நாளைக்கு உங்க பக்கத்துலயே நேரா நடந்து வரேன், என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"