ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

நகராட்சி வைத்திருந்த கோல்ஃப் மைதானத்தை மும்பைக் கம்பெனி ஒன்று வாங்கியதிலிருந்து அந்த மலையூருக்கே இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு காலையில் ஊர்க்காரர்கள் காசில்லாமல் ஆடுவது அங்கே வழக்கம். "இனிமே கிடையாது" என்று மேனேஜர் சத்யநாதன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் உள்ளூர் ஆட்கள் முணுமுணுத்தார்கள். மும்பையிலிருந்து வந்திருந்த முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்கு வீறாப்பு வந்துவிட்டது.

"உங்கள்ல ஒருத்தன் ஒரே ஒரு குழி ஆட்டத்துல என்னை ஜெயிங்கடா, ஞாயித்துக்கிழமையை விட்டுத் தர்றேன்!"

அவருக்குத் தினமும் பை தூக்கும் நஞ்சன் முன்னால் வந்தான்.

"நான் ஆடறேன் சார். ஆனா உங்க பையை நீங்களே தூக்கிக்கணும்."

"அவ்வளவுதானே?" என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் ஓங்கி அடித்தார். பந்து பறந்து புதருக்குள் விழுந்தது. முள்ளை விலக்கி விலக்கித் தேடியவர், அது வேரடியில் சிக்கிக் கிடப்பதைக் கண்டு திகைத்தார்.

"என் பந்து எப்பவும் புல்லு மேலதானடா கிடக்கும்?"

பின்னாலேயே வந்திருந்த நஞ்சன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "முன்னாடியே ஓடி, கால் விரலால வெளிய தள்ளிவிட நான் இருந்தேனே சார்."

மேனேஜர் சட்டென்று முதலாளி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "டேய், முதலாளி காதுல விழுந்துடப் போகுது!"

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருந்தா எங்களுக்குப் பேச ஏது சார் நேரம்? சும்மா உட்கார வச்சாதான் வாய் நமநமங்கும்."

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். "என்னப்பா ஆச்சு?"

"இவன் ஜெயிச்சுட்டான் சார்" என்றார் மேனேஜர்.

நஞ்சன் இன்னும் பந்தை அடிக்கவே இல்லை.