கணிப்பொறிச் சிலந்தியும் நாவல் மரத்தடி நிபுணர்களும்

ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு காட்டில் கணிப்பொறிப் பங்கு வியாபாரம் சூடு பிடித்திருந்தது. பொறியைச் செய்தது ஒரு சிலந்தி. எந்தக் கணக்கைக் கேட்டாலும் வலைக் கட்டங்களில் விடை காட்டும் பொறி அது. சிலந்தியின் நிறுவனத்தில் பங்கு வேண்டுமென்றால் கொட்டை கொடுத்து ஓலை வாங்கிக்கொள்ளலாம்.

அதே காட்டில் உழைப்பாளி அணில் ஒன்று இருந்தது. அடைமழை நாற்பது நாள் நீடிக்கும். வீட்டிலோ நான்கு குட்டிகள். அதற்காக மூன்று பொந்து நிறைய வாதாங்கொட்டை சேர்த்து வைத்திருந்தது. ஆனால் மூன்று கொட்டைக்கு விற்ற ஓலை எட்டுக் கொட்டைக்கு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும், கொட்டை பொறுக்குவது அதற்கு மட்டமான வேலையாகத் தெரிந்தது. இரண்டு பொந்தைக் காலி செய்து ஓலை வாங்கிவிட்டு, நாள் தவறாமல் நாவல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தது. பங்கு நிபுணர்கள் கூடுமிடம் அதுதான்.

"சிலந்தியார் இன்று காலை வெளியே வந்தார்! இரண்டு காலைத் தூக்கினார்!" என்று மூச்சிரைக்க ஓடி வந்தது முயல்.

"இரண்டா? அப்போ விலை இரட்டிப்புத்தான்," என்றது காட்டுப்பன்றி.

"இடது காலா, வலது காலா?" என்று கேட்டது கிளி. "இடது என்றால் பக்கத்துக் காட்டு யானைகள் நூறு பொறி கேட்டிருக்கின்றன."

"இடதுதான் அண்ணே!"

"நான் அப்போதே சொன்னேனே!"

சிலந்திக்கு வயிறு அரித்திருக்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

வழியே போன ஆமை நின்றது. "ஒரு சந்தேகம். உங்களில் யார் வீட்டில் அந்தப் பொறி இருக்கிறது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பொறி எங்களுக்கு எதற்கு ஐயா? நாங்கள்தான் பங்கு வைத்திருக்கிறோமே!" என்றது பன்றி.

"அப்படியானால் அதை வாங்குவது யார்?"

"வாங்குகிறவர்கள்தான்!"

அப்போது அணில் தன் லாபத்தைக் கூழாங்கற்களை அடுக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கணம் அதன் கை நின்றது. 'நாமும் வாங்கவில்லையே' என்று உள்ளே ஏதோ உறுத்தியது.

கிளி அதைக் கவனித்துவிட்டது. மெல்ல அருகில் வந்தது. "தம்பி, மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள்தான். கணக்குப் போடாமல் வேறு என்ன செய்வார்கள்? என் ஓலையை நான் யாருக்கும் தரமாட்டேன். நீ கேட்டால் மட்டும் மறுக்க மனம் வராது."

"எத்தனை தருவீர்கள் அண்ணே?"

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள். உன்மேல் அவ்வளவு பாசம்!"

வீட்டில் பெண் அணில் வழிமறித்தது. "மூன்றாவது பொந்துமா? குட்டிகளுக்கு என்ன வைப்பீர்கள்?"

"பொந்துக்குள்ளேயே இருப்பவளுக்கு உலகம் எங்கே தெரியும்? தள்ளு!"

கொட்டை கைமாறியது. கிளி தன் கூட்டத்தையே கூட்டி வந்து, அள்ளிக்கொண்டு மலைக்கு அப்பால் பறந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் குட்டிகள் பசியில் கத்தவே, நான்கு ஓலையை விற்கலாமென்று அணில் மரத்தடிக்கு ஓடியது. அங்கே எல்லோர் கையிலும் ஓலை இருந்தது. கொட்டை ஒருவர் கையிலும் இல்லை.

"ஏழுக்குத் தருகிறேன்!" "எனக்கு இரண்டு போதும்!" "அரைக் கொட்டையாவது கொடுங்களேன்!"

நனைந்துகொண்டே எல்லோரும் சிலந்தியிடம் போனார்கள்.

"விலையை நானா சொன்னேன்?" என்றது சிலந்தி. "பொறி செய்தேன். ஒன்றுகூட விற்கவில்லை. உங்கள் கொட்டையெல்லாம் என்னோடு வேலை செய்த எறும்புகளுக்குக் கூலியாகப் போய்விட்டது. வேண்டுமானால் ஆளுக்கொரு பொறி எடுத்துக்கொள்ளுங்கள்."

அணில் பொறியைச் சுமந்து வீடு வந்தது. குட்டிகள் தின்பண்டம் என்று நினைத்து முகர்ந்து பார்த்தன.

"இது என்ன செய்யும்?" என்று கேட்டது பெண் அணில்.

"எந்தக் கணக்கானாலும் போடும்."

"சரி. நம் மூன்று பொந்திலும் எத்தனை கொட்டை இருக்கிறது? கேளுங்கள்."

அணில் தலை குனிந்துகொண்டு கேட்டது. கேட்ட மறுகணமே வலை நடுவில் பெரிதாக ஒரு பூஜ்யம் தெரிந்தது. பொறியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நீதி: நாமே வாங்க நினைக்காத பொருளை ஊரே வாங்கும் என்று நம்பி, பிள்ளைகளின் சாப்பாட்டைப் பந்தயம் வைக்காதீர்கள்.