ஓடைக்கரைத் திடலும் முள்வேலியும்

ஐந்து குன்றுக் காட்டில், ஓடைக்கரையை ஒட்டி விலங்குகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் இருந்தது. ஏறிப் பழக ஒரு பாறை, தொங்கிப் பழகக் கொடிகள், நீந்திப் பழக ஒரு மடு. தனியாக யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. பெரிய விலங்குகள் முறைவைத்துக் குட்டிகளைப் பார்த்துக்கொண்டன.

பார்த்துக்கொண்டன என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்! மந்திக்கு முறை வரும் நாளில்தான் அத்தி பழுக்கும். காட்டெருமைக்கு முறை வரும் நாளில்தான் தூக்கம் சொக்கும். ஒருநாள் மான்குட்டி பாறையிலிருந்து விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டது. இன்றைக்கு யார் முறை என்று கேட்டால், ஒவ்வொன்றும் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தது.

தலைவி யானை பெரியநாயகி கூட்டம் போட்டாள்.

"நம்மால முடியல. திடலைப் பார்த்துக்கிற வேலையை வெளியே கொடுத்துடலாம்!"

பக்கத்துக் காட்டிலிருந்து முள்ளம்பன்றி சூலப்பன் வந்தார். ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு! உடம்பில் ஒரு முள்கூடக் கலைந்திருக்காது.

"கூலிக்குக் கிழங்கு கொடுத்தாப் போதும். நான் என்ன செய்யணும்?"

"ஒரு குட்டிக்கும் அடிபடக் கூடாது!" என்று எல்லாம் ஒரே குரலில் கத்தின.

"வேற?"

வேறு எதுவும் யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் கரடி வீராயி. அவள் மகன் குமிழன் பிறந்து ஆறு மாதம். கரடிக்குட்டிகள் அம்மா முதுகில்தான் ஊர் சுற்றும். இவனோ இறங்கவே மாட்டான். ஆனால் ஐப்பசியில் ஓடை பெருகினால் காடே நீந்தி அக்கரை மேட்டுக்குப் போயாக வேண்டும். அதற்குள் அவன் பாதிக் கரடி ஆகிவிடுவான். அவனைச் சுமந்துகொண்டு வெள்ளத்தில் இறங்கினால் இரண்டு பேரும் முழுக வேண்டியதுதான். அதனால் மழைக்கு முன்னால் அவன் நீந்தக் கற்றாக வேண்டும்.

தினமும் காலையில் அவனைத் திடல் வாசலில் இறக்கிவிட்டு, கரையான் தோண்டப் போவாள். சாயங்காலம் வந்து முதுகில் ஏற்றிக்கொள்வாள்.

"இன்னிக்கு என்னடா செஞ்ச?"

"வரிசையில நின்னேம்மா!"

"என் சமத்து!" என்பாள். உடம்பெல்லாம் அசதி. அதற்குமேல் கேட்கமாட்டாள்.

உள்ளே நடந்தது வேறு. சூலப்பன் முதல் வாரமே மடுவைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார். பாறையைச் சுற்றியும் வேலி. கொடிகளைச் சுருட்டி உச்சிக்கிளையில் கட்டச் சொல்லி மந்தியிடம் கொடுத்துவிட்டார். மந்தியும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டிவிட்டுப் பழம் தின்னப் போய்விட்டது! குட்டிகள் வேலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து வரிசையில் நிற்கலாம். பிறகு இன்னொரு சுற்று. அவ்வளவுதான் விளையாட்டு.

மாதக் கூட்டத்தில் சூலப்பன் எழுந்து, "இந்த மாசமும் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை!" என்பார். காடே காலைத் தட்டி ஆரவாரம் செய்யும். வீராயி எல்லாரையும்விட ஓங்கித் தட்டுவாள்.

ஐப்பசி வந்தது. ஒரே பகலில் ஓடை கரைபுரண்டது.

"எல்லாரும் அக்கரைக்குப் போங்க!" என்று பெரியநாயகி பிளிறினாள்.

வீராயி ஓடையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள். "வாடா குமிழா, நீந்து!"

குமிழன் வரவில்லை. மான்குட்டிக்குப் பின்னால், பன்றிக்குட்டிக்கு முன்னால், அசையாமல் நின்றான். குட்டிகள் எல்லாமே கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

"வரிசையில நிக்கறேம்மா" என்றான். "எனக்கு இதுதான் தெரியும்."

வீராயி அவனை வாரி முதுகில் போட்டுக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். பாதி ஓடையில் அவள் மூக்கு முழுகியது. குமிழன் வழுக்கினான். பெரியநாயகி வெள்ளத்துக்குக் குறுக்கே மலைபோல் வந்து நின்று, தும்பிக்கையால் அவனை அள்ளினாள். மற்ற குட்டிகளையும் ஒவ்வொன்றாக அவளே தூக்கிக் கரை சேர்த்தாள். நல்லவேளை, ஓர் உயிரும் போகவில்லை.

அக்கரையில் வீராயி சூலப்பன் மேல் பாய்ந்தாள். "என் பிள்ளைக்கு நீ என்னய்யா சொல்லிக்கொடுத்த?"

சூலப்பன் ஓர் அடி பின்வாங்கினார். "நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைச் செஞ்சேன். இத்தனை குட்டிகளோட தனியா இருந்தேன். எவனாவது முழுகிட்டா என்ன பதில் சொல்றதுன்னு தினமும் பயந்து செத்தேன். யாராவது ஒருத்தர் வாசலைத் தாண்டி உள்ளே வந்து எட்டிப் பார்த்தீங்களா, தாயி?"

அவர் கண்ணில் நீர் திரண்டிருந்தது. வீராயி ஓங்கிய கையை இறக்கினாள். காலையும் சாயங்காலமும் அந்த வாசலில் நின்றவள் அவள்தானே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பயந்தவரைத் தனியா விட்டது நாங்கதான்" என்றாள் மெதுவாக. மழையில் நனைந்துகொண்டிருந்த அவருக்குத் தன் பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் வேலியைப் பிடுங்கினார்கள். நிர்வாகம் சூலப்பனிடமே இருந்தது. ஆனால் தினமும் இரண்டு பெற்றோர் திடலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை முறையை யாரும் மறக்கவில்லை. மந்திகூட அத்திப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றால் பாருங்களேன்!

வீராயி மடுவில் இறங்கிக் குமிழனைப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் தண்ணீர் குடித்தான், அழுதான், அம்மா காதைக் கடித்தான். ஏழாம் நாள் அவள் பிடியிலிருந்து நழுவி, கையையும் காலையும் கன்னாபின்னாவென்று அடித்து மடுவின் மறுகரை சேர்ந்தான்.

"அம்மா, நானே வந்துட்டேன்!" என்று கத்தினான். திரும்பிப் போகும்போது முதுகில் ஏறமாட்டேன் என்று முன்னால் ஓடினான். வீராயிக்கு முதுகு லேசாக இருந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

பொதுச் சொத்தைப் பராமரிக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்கலாம். அதன்மேல் நமக்கிருக்க வேண்டிய அக்கறையைச் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது.