ஒரு துதிக்கை இடைவெளி

ஏழுபாறைக் காட்டில் கல்லாத்தா என்றொரு ஆமை இருந்தாள். உருவம் ஒரு சாண். ரோஷம் ஒரு மலை!

கோடை வந்தால் அந்தக் காட்டுச் சுனைகளெல்லாம் வற்றிப்போகும். அடிவாரத்து ஆற்றில் மட்டும்தான் தண்ணீர். அங்கே போக ஒரே பாதை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். கொம்பையா யானையும் அதில்தான் போகவேண்டும், சிட்டான் மானும் அதில்தான் போகவேண்டும், கல்லாத்தாவும் அதில்தான் போகவேண்டும்.

கொம்பையா வந்தால் பாதையில் முக்கால்வாசி நிறைந்துவிடும். "வழி விடு, வழி விடு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவார். சிட்டானோ காற்றாய்ப் பறப்பவன். சந்து கிடைத்தால் போதும், நுழைந்துவிடுவான்.

"உன் நடைக்கு ஆறு எதற்கு? இருந்த இடத்திலேயே பனித்துளியை நக்கிக்கொண்டு கிடக்கலாமே!" என்று இருவரும் அவளைக் கேலி செய்வார்கள்.

"இந்தப் பாதையை யாரும் உங்களுக்குச் சீதனமாகக் கொடுக்கவில்லை. எனக்கும் தாகம் எடுக்கும்!" என்பாள் கல்லாத்தா.

அவர்கள் கேலி செய்யச் செய்ய அவளுக்கு வீம்பு ஏறியது. 'ஒதுங்கினால்தானே இளக்காரம்? ஒதுங்கவே மாட்டேன்!' என்று நட்டநடுப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை, பாதை வளையும் இடத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கொம்பையா வந்தார். மண் நிறத்தில் இருந்த ஆமையைக் கல் என்றே நினைத்தார். மிதிக்கக் காலைத் தூக்கியபிறகுதான் கல் அசைவது தெரிந்தது.

"ஐயோ!" என்று பதறி, பள்ளத்துப் பக்கம் சட்டென்று ஒதுங்கினார்.

அதே நேரம் சிட்டான் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, யானைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்தான். யானையின் விலா இடித்தது. மான் பள்ளத்தில் உருண்டான்!

பாதிச் சரிவில் ஒரு மரவேரில் கொம்பு சிக்கித் தொங்கினான். "காப்பாற்றுங்கள்! காப்பாற்றுங்கள்!"

கொம்பையா மண்டியிட்டுத் துதிக்கையைக் கீழே விட்டார். மான் எங்கே தொங்குகிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லாத்தா பள்ளத்தின் விளிம்புவரை ஊர்ந்து போய்க் கழுத்தை நீட்டினாள்.

"இன்னும் கீழே! கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆமாம், அதுதான் அவன் வயிறு. பிடியுங்கள்!"

துதிக்கை சுற்றி வளைத்துத் தூக்கியது. மானுக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. நல்லவேளை, உயிர் தப்பியது.

மூச்சு வந்ததும் சண்டையும் வந்தது.

"உமக்குக் கண் தெரியாதா?" என்றான் சிட்டான்.

"சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது யார்? எல்லாம் இந்த ஆமையால் வந்த வினை!" என்றார் கொம்பையா.

கல்லாத்தா சுடச்சுடப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வீங்கிய காலைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பிறகு, அதுவரை அவள் வாயில் வராத ஒன்றைச் சொன்னாள்.

"பாதை எனக்கும் உரியதுதான். அதை ஒருநாளும் விட்டுத் தரமாட்டேன். ஆனால் வளைவில் நடுவழியில் நடந்தது என் வீம்பு. தப்புதான்."

கொம்பையாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "எனக்கு உடம்பு பெரிது, கண் சிறிது அம்மா. விலாவை ஒட்டி யார் வந்தாலும் தெரியாது. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன்."

சிட்டான் திகைத்துப்போனான். "நீர் பார்த்துக்கொண்டுதான் வருகிறீர் என்று நம்பியல்லவா இத்தனை நாள் நுழைந்தேன்!"

அன்றே மூவரும் பேசி முடிவு செய்தார்கள். கல்லாத்தா பாறையோரமாக நேரே நடப்பாள். தூரத்திலேயே தெரியும்படி ஓட்டின்மேல் பிசின் தடவிச் சிவப்பு முருக்கம்பூ ஒட்டிக்கொள்வாள். அவளைத் தாண்டும்போது யானை ஒரு துதிக்கை நீளம் தள்ளிப் போவார். அதற்கு இடமில்லாவிட்டால் பொறுமையாகப் பின்னால் வருவார். வளைவுக்கு முன்னால் ஒரு பிளிறல். சிட்டான் குரல் கொடுத்து, பதில் வந்தபிறகே முந்துவான். வளைவில் முந்தவே மாட்டான்.

காட்டுப்பன்றிகள் விழுந்து விழுந்து சிரித்தன. "பூ வைத்த ஆமை! உனக்குக் கல்யாணமா?"

"சிரியுங்கள்! என்னைப் பார்த்துவிட்டுத்தானே சிரிக்கிறீர்கள்? அதுதான் எனக்கு வேண்டும்!" என்றாள் கல்லாத்தா.

பங்குனிக் கடைசியில் மேல்மலை மூங்கிலில் தீப் பற்றிக்கொண்டது. விலங்குகள் எல்லாம் ஆற்றை நோக்கி ஓடின. கல்லாத்தா அப்போது வளைவில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் மண் அதிர்ந்தது. ஓட்டுக்குள் ஒடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒடுங்கவில்லை. பாறையோரமாக, கோணாமல், நடந்துகொண்டே இருந்தாள்.

பிளிறல் கேட்டது. புகைக்குள் சிவப்புப் பூ தெரிந்ததும் கொம்பையா நடையைக் குறைத்தார்.

"போமய்யா! நெருப்பு வருகிறது!" என்று பின்னாலிருந்து பன்றிகள் முட்டின.

"முன்னால் ஆள் இருக்கிறாள்! பத்தடிதான், வளைவு முடியட்டும்!" என்று அவர் முழங்கினார்.

"யாரும் முந்தாதீர்கள்! இந்தப் பள்ளத்தில் நான் விழுந்து பார்த்தவன்!" என்று சிட்டான் பன்றிகளுக்குக் குறுக்கே நின்றான்.

வளைவு முடிந்தது. பாதை அகன்றது. ஒரு துதிக்கை நீளம் தள்ளி யானை போனார். அவர் பின்னால் வரிசையாக மான்களும் பன்றிகளும் முயல்களும் போயின. பூவின் ஓர் இதழ்கூட உதிரவில்லை.

ஆற்றங்கரையில் பக்கத்து மலை விலங்குகளும் வந்து சேர்ந்திருந்தன. நெருக்கியடித்து ஓடியதில் பாதிப் பேருக்குக் காயம். நொண்டிக்கொண்டு வந்த எருமை ஒன்று கேட்டது: "உங்களில் ஒருவருக்குக்கூட அடிபடவில்லையே! உங்கள் பாதை அவ்வளவு அகலமோ?"

"உங்கள் பாதையைவிடக் குறுகல்தான்!" என்றார் கொம்பையா, நெஞ்சு நிமிர்ந்து.

கடைசியாகக் கல்லாத்தா வந்து சேர்ந்தாள். கரையில் நின்ற பன்றிகள் இரு பக்கமும் விலகின. அவள் ராணிபோல் தலையைத் தூக்கி நடந்து போய், ஆசை தீரத் தண்ணீர் குடித்தாள்.

பெரியவர், வேகமானவர், மெதுவாகப் போகிறவர் யாரானாலும் அடுத்தவருக்கு இடம் விட்டுப் போனால்தான் எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேரலாம்.