முகத்துவாரத்தில் நண்டு நட்ட கல்

அந்தக் காலத்தில் மீனும் நண்டும் மனிதரைப் போலவே பேசும். ஆரம்பித்தால் நிறுத்தவும் செய்யாது.

அப்போது, ஆறு ஏழெட்டு வாயாகப் பிரிந்து கடலில் விழும் வண்டல்துறை என்ற ஊருக்கு, ராஜா ஒரு நில அளவைக்காரரை அனுப்பினார். பெயர் தில்லைமுத்து. மேடு, பள்ளம், உப்பளம், கோயில் எல்லாவற்றையும் துணியில் வரைந்தார். ராஜாவின் கட்டளை இதுதான்: படத்தில் நீலமாக இருப்பது மீனுக்கு, மஞ்சளாக இருப்பது கரையில் வாழ்பவருக்கு.

முகத்துவாரத்துக்கு அவர் வந்தது ஓதம் ஏறி, கடல்தண்ணீர் மணலை மூடியிருந்த நேரம். தண்ணீரைப் பார்த்தார், நீலத்தை இழுத்துவிட்டு நடையைக் கட்டினார். ஒரு குட்டி நண்டின் வளையும் நீலத்துக்குள் போய்விட்டது.

கொடுவா மீன் வளை வாசலில் வந்து நின்றது. "வீட்டைக் காலி பண்ணு. இல்லாட்டி நீதான் எனக்குச் சாப்பாடு. படம் பார்த்தேல்ல?"

நண்டு குடுகுடுவென்று தில்லைமுத்துவிடம் ஓடியது. "ஐயா, தண்ணி வடிஞ்சப்புறம் ஒரு தடவை வந்து பாருங்க. என் பிள்ளைகுட்டி எல்லாம் அங்கதான்."

வந்தார். வெறும் மணல். நீலத்தைச் சுரண்டிவிட்டு மஞ்சள் பூசினார்.

அடுத்த ஓதத்தில் கொடுவா கத்தியது. "என் வீட்டுல எவன்யா மஞ்சள் பூசினது? கல்யாணமா நடக்குது?"

மறுபடி சுரண்டினார். மூன்றாம் தடவை துணியில் ஓட்டையே விழுந்தது.

"ஏ நண்டு, எல்லைக்கல் நடு. கல் நிக்கிற வரைக்கும் உனக்கு!" என்றார்.

வண்டல் ஊரில் கல்லுக்கு எங்கே போவது? அங்கே நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டிதான். நண்டு ஈர மணலை வாயில் போட்டு உருட்டி உருட்டி வரிசையாக நட்டது. "ஐயா, இன்னும் நாலே கல்லு!" என்பதற்குள் ஓதம் வந்து அத்தனையையும் நக்கிவிட்டுப் போனது. மறுநாளும் அதே கதை. ஏழாம் நாள் சிரித்துச் சிரித்துக் கொடுவாவுக்குச் செவுள் வலித்தது.

தில்லைமுத்துவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. நீலமும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம் என்று, நண்டு உருட்டி வைத்ததைப் பார்த்தபடியே துணியில் புள்ளி புள்ளியாகக் குத்தினார். "தண்ணி இருந்தா அவனுக்கு, வடிஞ்சா உனக்கு. ஆளை விடுங்கப்பா!"

"தண்ணி ஏறுனா நான் எங்க போவேன்?"

"கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கிட."

அன்று முதல்தான் ஊர்ப்படத்தில் கடலோர மணலைப் புள்ளியாகப் போடுகிறார்கள். நண்டும் ஓதம் ஏறினால் வளையை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. வடிந்ததும் வெளியே வந்து மறுபடி கல் நடுகிறது. கொடுவா 'சரி, வடிஞ்சா உனக்குத்தான்' என்று தலையாட்டியது உண்மைதான்; ஆனால் கொடுவாவின் பேச்சை யார் நம்புவது?